நாவலும் வீட்டுக் கணக்கும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொல்லி வைத்தவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். நாவலாசிரியர்கள் அந்த இரண்டையும் அப்படிச் சமமாக நடத்தவில்லை. கல்யாணத்தைப் பற்றி எழுதி எழுதி அலமாரிகளை நிரப்பிவிட்டார்கள். வீடு மட்டும் கதை நடக்கிற இடமாக நின்றுவிடுகிறது. கதாநாயகன் திண்ணையில் உட்காருவான்; கதாநாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தத் திண்ணைக்கும் ஜன்னலுக்கும் பணம் எங்கிருந்து வந்தது, வட்டி எத்தனை சதவிகிதம், இன்னும் எத்தனை தவணை பாக்கி என்ற பேச்சு எழுவதே இல்லை. அதெல்லாம் கதைக்குப் புறம்பான விஷயம் என்று ஓர் அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயம் சரியல்ல என்பதுதான் என் கட்சி. நாவல் படிக்கிற நடுத்தர வர்க்கத்து மனிதர் எவரையும் கேட்டுப் பாருங்கள். காதலைப் பற்றி அவர் ராத்திரி தூக்கம் கெட்டு யோசிப்பது வாழ்க்கையில் சில மாதங்கள் இருக்கலாம். வீட்டுக் கடனைப் பற்றி யோசிப்பது இருபது வருஷம். கையில் மாதம் கொஞ்சம் மிஞ்சுகிறது. அதைக் கடனில் கட்டிச் சீக்கிரமாக அடைத்துவிடுவதா, உத்தியோகத்திலிருந்து காலத்தோடு ஓய்வு பெறுவதற்காகச் சேர்த்து வைப்பதா, அல்லது சமையலறைக் கூரை ஒழுகுகிறதே, அதைச் செப்பனிட்டு மாடியில் ஓர் அறையும் எடுத்துவிடுவதா? மூன்று பக்கமும் இழுக்கிற இந்தக் கயிறு எந்த முக்கோணக் காதலுக்கும் இளைத்ததல்ல.

இதற்குப் பண விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. அது தெளிவான பதில்தான். பத்து லட்சம் ரூபாயை ஒன்பது சதவிகித வட்டிக்கு இருபது வருஷத் தவணையில் வாங்கினால், மாதத் தவணை 8,997 ரூபாய் ஆகும். முதல் மாதம் கட்டுகிற அந்தப் பணத்தில் 7,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 1,497 ரூபாய்தான். இருபது வருஷமும் ஒழுங்காகக் கட்டி முடிக்கிறபோது 21 லட்சத்து 59 ஆயிரத்துக்கு மேல் கொடுத்திருப்போம். ஆகவே ஆரம்ப காலத்தில் கூடுதலாகக் கட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் ஒன்பது சதவிகித வட்டியை நிச்சயமாக மிச்சம் பிடிக்கிறது. சேமிப்பு, வரி போக அதற்கு மேல் சம்பாதித்தால் சேமிப்பு லாபம். இல்லாவிட்டால் கடனை அடைப்பதே லாபம். வீட்டு அபிவிருத்தி வட்டி எதுவும் தராது. ஆனால் ஒழுகுகிற கூரையை அப்படியே விட்டால் அதுவும் கூட்டு வட்டி போட்டுக்கொண்டே போகும். எனவே அவசியமான ரிப்பேர் முதலில், அலங்காரம் கடைசியில்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. இது முழுக் கணக்கா என்பதுதான் கேள்வி. இதே கணக்கைப் போட்ட நாலு கதாபாத்திரங்களை இங்கே வரிசையாக எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒருவன் கடனை அடைத்தான். ஒருவன் சேர்த்து வைத்தான். ஒருவர் வீட்டையே பெரிதாக நினைத்தார். ஒருவர் மூன்றையும் சமாளித்தார். நாலு பேருமே அயல் தேசத்தார். ஆனால் வட்டிக்குத் தேசம் கிடையாது.

கடனை அடைத்தவன் வில்லி லோமன். ஆர்தர் மில்லர் எழுதிய 'ஒரு விற்பனையாளனின் மரணம்' என்ற நாடகம் 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் முதல் முதலாக மேடையேறியது. வில்லிக்கு வயது அறுபதுக்கு மேல். புரூக்ளினில் ஒரு சின்ன வீடு. அதன் பேரில் இருபத்தைந்து வருஷத் தவணைக் கடன். இரண்டாவது அங்கத்தின் ஆரம்பத்தில், காலைக் காப்பி நேரத்தில், அவன் மனைவி லிண்டா பாக்கிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். கார் ரிப்பேர், ரெஃப்ரிஜிரேட்டர் தவணை, இன்ஷூரன்ஸ் பிரிமியம். எல்லாவற்றோடும் வீட்டுக் கடனின் கடைசித் தவணை. சுமார் இருநூறு டாலர் இருந்தால் போதும். இதைக் கட்டிவிட்டால் வீடு நம்முடையது என்கிறாள்.

இந்தக் காட்சியை மில்லர் அழுகையும் ஆர்ப்பாட்டமும் இல்லாமல், சாதாரணப் பேச்சாகவே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சாமானுக்கும் கடைசித் தவணை கட்டி முடிக்கிற சமயத்தில் அந்தச் சாமான் உடைந்து போய்விடுகிறது என்று வில்லி அங்கலாய்க்கிறான். வீட்டில் தான் போட்ட சிமெண்டையும் மரத்தையும் நினைத்துப் பெருமைப்படுகிறான். அந்தப் பெருமை வீண் ஜம்பம் அல்ல. சாமான் விற்பதில் அவன் சொல்லிக்கொள்வதெல்லாம் பாதி பொய், வீட்டுக்கு அவன் செய்ததெல்லாம் முழுக்க நிஜம். அவன் கூரைத் தளம் போட்டிருக்கிறான், முன்வாசல் படி கட்டியிருக்கிறான். விற்பனையில் இருந்ததைவிட அந்த வாசல் படியில்தான் அவன் அதிகமாக இருந்தான் என்கிற கருத்தை, அவன் செத்த பிறகு மூத்த மகன் பிஃப் சொல்கிறான். ஒரு மனிதன் எந்த வேலைக்குப் பிறந்தானோ அதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய், அந்த வேலையின் சம்பளத்தில் தவணை கட்டினான் என்பதே இந்த நாடகத்தின் சாரம். வட்டிக் கணக்கில் இதற்கு இடம் இல்லை.

ஓய்வு காலத்துக்கு வில்லி ஒன்றும் சேர்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த கம்பெனி அவனை வெளியே அனுப்புகிறது. வாரம் அறுபத்தைந்து டாலர் கேட்கிறான், பிறகு ஐம்பது, பிறகு நாற்பது. பேரம் இறங்க இறங்க நமக்கு நெஞ்சு கனக்கிறது. அவனிடம் மிஞ்சியிருக்கிற ஒரே சேமிப்பு இருபதினாயிரம் டாலர் இன்ஷூரன்ஸ். அது உயிரோடு இருக்கிறவனுக்கு உதவாத சேமிப்பு. வில்லி போகிறான். லிண்டா இடுகாட்டில் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு வீட்டின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டேன், வீட்டில்தான் யாரும் இருக்கமாட்டார்கள் என்று அவனிடம் சொல்கிறாள்.

இந்த முடிவைப் பற்றி விமர்சகர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். என் கருத்தில் அது கொஞ்சம் அதிகமாகவே பொருந்தி வருகிறது. கடைசித் தவணையும் சவ அடக்கமும் ஒரே நாளில் வருவது நாடகத்தின் வசதி; வாழ்க்கை இத்தனை ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. மில்லரின் மேதைமை அந்த முடிவில் இல்லை. அது ஒரு ஜோடி காலுறையில் இருக்கிறது. லிண்டா தன் கிழிந்த காலுறைகளைத் தைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். வில்லிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தைக்காதே என்று கத்துகிறான். ஏனென்றால் பாஸ்டன் நகரத்தில் வேறொருத்திக்கு அவன் புதுக் காலுறைகளைக் கொடுத்திருக்கிறான். கடனுக்குக் கட்டிய முந்நூறு தவணைகளும் வில்லியின் சம்பளத்திலிருந்து வந்தன என்றுதான் கம்பெனிக் கணக்கு சொல்லும். அவற்றில் எத்தனை தவணை லிண்டாவின் காலுறையிலிருந்து வந்தது என்று நாடகம் நம்மைக் கேட்க வைக்கிறது.

இரண்டாவது ஆசாமி சேர்த்து வைத்தவன். செகாவின் 'கூஸ்பெரி' என்ற கதை 1898ல் வெளிவந்தது. கூஸ்பெரி, நம் ஊர் அரைநெல்லியைப் போலப் புளிக்கிற பழம். நிக்கலாய் என்பவன் பத்தொன்பதாவது வயதிலேயே சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்கிறான். குழந்தைப் பருவத்தை அவனும் அவன் அண்ணனும் கிராமத்தில் கழித்தார்கள். அந்தச் சிறு பண்ணை அப்பா செத்ததும் கடனுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து நிக்கலாய்க்கு ஒரே ஆசை: ஒரு பண்ணை வாங்க வேண்டும், வேலையை விட்டுவிட வேண்டும், தன் தோட்டத்தில் விளைந்த கூஸ்பெரியைத் தானே சாப்பிட வேண்டும். பத்திரிகையில் நில விளம்பரங்களைப் படிக்கிறான். காகிதத்தில் வரைபடம் போடுகிறான்: இங்கே வீடு, இங்கே வேலையாட்கள் குடிசை, இங்கே காய்கறித் தோட்டம், இங்கே கூஸ்பெரிச் செடி.

நாற்பத்தைந்து வயதில் வேலையை உதறிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சேர்க்கிறவர்கள் இன்று நம் நகரங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய மூதாதை இந்த நிக்கலாய். பிச்சைக்காரனைப் போல உடுத்துகிறான், வயிற்றைக் கட்டுகிறான், மிச்சத்தை எல்லாம் பாங்கியில் போடுகிறான். நாற்பது வயது தாண்டியதும், அதே பண்ணை ஆசைக்காக, பணம் உள்ள ஒரு வயதான விதவையைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அவள் பணத்தைத் தன் பேரில் பாங்கியில் போட்டுவிட்டு, அவளுக்கு அரை வயிற்றுக்குத்தான் சாப்பாடு கொடுக்கிறான். மூன்று வருஷத்துக்குள் அவள் செத்துப் போகிறாள். அவளுடைய சாவுக்குத் தான் பொறுப்பு என்ற எண்ணம் அவனுக்கு ஒரு கணமும் வரவில்லை என்று அண்ணன் சொல்கிறான்.

கடைசியில் பண்ணை கிடைக்கிறது. சுமார் முந்நூறு ஏக்கர். அதுவும் அடமானக் கடனோடு சேர்த்து வாங்கியது. வரைபடத்தில் இருந்த கூஸ்பெரிச் செடி அங்கே இல்லை; பழத் தோட்டம் இல்லை; வாத்துக் குளம் இல்லை. ஓர் ஆறு இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் செங்கல் சூளை, மறுபக்கம் எலும்பு எரிக்கிற தொழிற்சாலை; தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடுகிறது. நிக்கலாய் மனம் தளரவில்லை. இருபது செடிக்கு ஆர்டர் கொடுத்து, நட்டு, வளர்த்து, முதல் பழத்தைத் தின்கிறான். பழம் கெட்டியாக இருக்கிறது, புளிக்கிறது. அவன் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்.

இந்தக் கதையைப் பலர் பேராசைக்கு எதிரான நீதிக்கதையாகப் படித்துவிடுகிறார்கள். செகாவ் அத்தனை எளிய ஆசாமி அல்ல. கதையைச் சொல்வது அவர் அல்ல. நிக்கலாயின் அண்ணன், மிருக வைத்தியர் ஐவான் ஐவானிச். மழைக்கு ஒதுங்கிய இடத்தில், நண்பனின் பண்ணை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, சொந்தப் பண்ணைக்கு ஆசைப்படுவதே பாவம் என்று பிரசங்கம் செய்கிறார். கேட்டவர்களுக்குத் திருப்தி இல்லை. பிரசங்கம் முடிந்து படுக்கப் போனபின் அவருடைய புகைக் குழாயின் நாற்றத்தால் பக்கத்தில் படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை. உபதேசிக்குத் தன் குழாய் நாறுவது தெரியாது என்று ஆசிரியர் ஒரு சின்ன விவரத்தில் முடித்துவிடுகிறார்.

இதை எழுதியபோது செகாவே ஒரு பண்ணைக்குச் சொந்தக்காரர். 1892ல் மெலிஹோவோ என்ற கிராமத்தில், 13,000 ரூபிள் விலை பேசி, அதில் ஒரு பகுதியை அடமானக் கடனாக வைத்து வாங்கியிருந்தார். வீட்டைச் செப்பனிட்டார், மரங்கள் நட்டார், தோட்டத்தில் ஒரு சின்ன விடுதி கட்டி அதில் 'கடற்பறவை' நாடகத்தை எழுதினார். கூஸ்பெரிக்காரன் செய்தது அத்தனையும் அவரும் செய்தார். வித்தியாசம் எங்கே? அவர் பெற்றோரும் தங்கையும் அந்த வீட்டில் இருந்தார்கள். சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் வைத்தியத்துக்கு வந்து நின்றார்கள். காலரா பரவிய நாளில் அவர் சம்பளம் இல்லாத ஜில்லா வைத்தியராக ஊர் ஊராகச் சுற்றினார். அந்த வட்டாரத்தில் மூன்று பள்ளிக்கூடம் எழும்ப உழைத்தார். சொந்த வீடும் அடமானமும் நிக்கலாயைக் கெடுக்கவில்லை என்பதற்கு ஆசிரியரின் வாழ்க்கையே சாட்சி. வாழ்வது எல்லாம் பிற்பாடு என்று அவன் ஒத்திப் போட்டான். அந்த ஒத்திவைப்பின் செலவை இன்னொரு ஜீவனின் பற்றில் எழுதினான். கதையில் அந்த விதவைக்கு ஒரு பேர் கூட இல்லை.

மூன்றாவதாக, வீட்டையே பெரிதாக நினைத்தவர். வி. எஸ். நைபாலின் 'மிஸ்டர் பிஸ்வாஸுக்கு ஒரு வீடு' 1961ல் வெளிவந்தது. டிரினிடாட் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வம்சத்துக் கதை. நைபாலின் தகப்பனார் சீபர்சாத் அந்தத் தீவில் பத்திரிகை நிருபராக இருந்து, தலைநகரில் ஒரு வீட்டை எப்படியோ வாங்கி, 1953ல் காலமானார். அவர்தான் பிஸ்வாஸுக்கு மூலம். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆசிரியர் இந்தப் பாத்திரத்தை 'மிஸ்டர்' போட்டுத்தான் குறிப்பிடுகிறார். உலகம் கொடுக்காத மரியாதையை இலக்கணம் கொடுக்கிறது.

நாவல் தொடங்குவதே ஒரு வரவு செலவுக் கணக்கோடுதான். சாவதற்குப் பத்து வாரத்துக்கு முன் மிஸ்டர் பிஸ்வாஸுக்கு வேலை போய்விட்டது. வயது நாற்பத்தாறு, குழந்தைகள் நாலு, கையில் காசு இல்லை. வீட்டின் பேரில் 3,000 டாலர் கடன்; நாலு வருஷமாக அப்படியே நிற்கிறது. எட்டு சதவிகித வட்டிக்கு மாதம் 20 டாலர்; மனை வாடகை 10 டாலர். கணக்குத் தெரிந்த வாசகன் இங்கேயே நின்றுவிடுவான். நாலு வருஷத்தில் 960 டாலர் வட்டி போயிருக்கிறது. அசலில் ஒரு டாலர் குறையவில்லை. வட்டியோடு மாதம் பத்து டாலர் சேர்த்து முப்பதாகக் கட்டி வந்திருந்தால் கடன் தீரப் பதிமூன்றே முக்கால் வருஷம் ஆகியிருக்கும். பிஸ்வாஸுக்கு அந்தப் பத்து டாலரும் இல்லை, அந்தப் பதிமூன்று வருஷமும் இல்லை.

போதாததற்கு வீடும் லட்சணமானதல்ல. வக்கீல் குமாஸ்தா ஒருவன் கட்டி விற்ற வீடு. மழை பெய்த ஒரு நாளில், திரைச்சீலையும் மெழுகிய தரையுமாகப் பார்த்து மயங்கி, மனைவி ஷாமாவைக் கலக்காமலே பேரத்தை முடித்துவிட்டார். மாடிப்படி வீட்டுக்கு வெளியே பின்பக்கத்தில் தொங்குகிறது. கதவுகள் ஒழுங்காகச் சாத்துவதில்லை. பிற்பகல் வெயில் உள்ளே வந்து வாட்டுகிறது. அதற்கு முன் அவர் கட்டிய வீடுகளின் சரித்திரம் இதைவிடப் பரிதாபம். கிரீன் வேல் என்ற இடத்தில் கையில் காசு வந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பிய வீட்டுக்குப் பழைய தகரக் கூரை. ஆணி ஓட்டைகளை அடைத்த தார் வெயிலில் உருகிக் கறுப்புப் பாம்புகளாகத் தொங்குகிறது. அந்த வீடு புயலில் போகிறது.

எந்தக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தாலும் பிஸ்வாஸ் தோற்றவர் என்றுதான் எழுதுவார். சேமிப்பு பூஜ்யம், கடன் முழுசு, வீடு ஓட்டை. ஆனாலும் அவர் வென்றார் என்று நைபால் நம்மை உணரச் செய்கிறார். மனைவி வீட்டாரான துள்சி குடும்பத்தின் பெரிய மாளிகையில், மூலைக்கு ஒரு மாப்பிள்ளை என்ற கூட்டத்தில், தனக்கென்று ஓர் இடம் இல்லாமல் பிறந்தபடியே செத்துப் போகாமல் இருந்ததே வெற்றி என்கிறார். விமர்சகர்கள் பெரும்பாலும் இந்த வெற்றியைக் கொண்டாடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நான் ஷாமாவைப் பார்க்கச் சொல்லுவேன். இந்த நாவலின் உண்மையான வளர்ச்சி அவளிடம்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் அவள் துள்சி வீட்டுப் பெண். மகள் ஸாவிக்குத் தகப்பன் ஆசையாக வாங்கி வந்த பொம்மை வீட்டை, தன் சகோதரிகளின் பொறாமைக்கு அஞ்சி, அவளே உடைத்துப் போடுகிறாள். பிஸ்வாஸின் முதல் வீடு அந்தப் பொம்மை வீடுதான் என்று கூடச் சொல்லலாம். அதை இடித்தது மனைவி. அதே ஷாமா, கணவனுக்கு வேலை போன பிறகு தாய் வீட்டுக்கு ஓடவில்லை. உருளைக்கிழங்கு வாங்கி விற்றால் என்ன என்று யோசிக்கிறாள். பிஸ்வாஸ் அதைக் கேலி செய்கிறார், ஆனால் உள்ளூர நெகிழ்ந்து போகிறார். எட்டு சதவிகித வட்டிக்கு வாங்கிய ஓட்டை வீட்டில் இந்த ஒன்று அவருக்குக் கிடைத்தது. சண்டை போட்டு, வண்ணம் அடித்து, கதவைச் செப்பனிட்டு, தோட்டம் போட்டு, இது நம் வீடு என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளும் நிலை.

ஆனால் நைபால் கடனை மறைக்கவில்லை. அவர் சாகிறபோது அது அவர் குடும்பத்தின் தலையில் இருக்கிறது. அயல் நாட்டிலிருந்து திரும்பிய ஸாவி, தகப்பன் ஒரு நாளும் வாங்கியிராத சம்பளத்தில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குகிறாள். தகப்பனின் கௌரவத்துக்கு மகள் தவணை கட்டுகிறாள். கடைசிப் பக்கத்தில், தகனம் முடிந்து, ஷாமாவும் குழந்தைகளும் காரில் ஏறி வெறிச்சோடிய அந்த வீட்டுக்குத் திரும்புகிறார்கள். லிண்டாவும் அப்படித்தான் திரும்பினாள். மில்லரிடம் கடன் தீர்ந்துவிட்டது, வீட்டுக்கு ஆள் இல்லை. நைபாலிடம் கடன் தீரவில்லை, ஆனால் திரும்புவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நைபாலின் முடிவு கலையில் உயர்ந்தது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்: அவர் வெற்றியையும் பாக்கியையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறார், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கவில்லை.

கடைசியாக, மூன்றையும் சமாளித்தவர். டிக்கன்ஸ் 1860லும் 1861லும் தொடர்கதையாக எழுதிய 'பெரும் எதிர்பார்ப்புகள்' நாவலில் வெம்மிக் என்ற வக்கீல் குமாஸ்தா. லண்டனில் வால்வொர்த் என்ற பகுதியில் அவருக்கு ஒரு குட்டி மரவீடு. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தது. இப்போது வில்லங்கம் இல்லாத சொந்தச் சொத்து. அதைக் கோட்டையாகவே ஆக்கியிருக்கிறார். நாலடி அகல அகழி, அதன்மேல் ஒரு பலகைத் தூக்குப் பாலம், கொடிக் கம்பம், ராத்திரி ஒன்பது மணிக்கு வெடிக்கிற பீரங்கி. பின்பக்கத்தில் பன்றி, கோழி, முயல், வெள்ளரிக்காய். தச்சு, குழாய் வேலை, தோட்ட வேலை எல்லாம் அவரே. முற்றிலும் காது கேளாத கிழத் தகப்பனார் அந்தப் பீரங்கிச் சத்தம் ஒன்றை மட்டும் கேட்டு ஆனந்தப்படுகிறார். வீட்டு அபிவிருத்திக்கு இதைவிட நல்ல நியாயம் உலக இலக்கியத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

சேமிப்பிலும் வெம்மிக் சூரர். கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய சொத்தைச் சேர் என்பது அவருடைய மந்திரம். விரலிலும் சட்டையிலும் மோதிரமும் புரூச்சுமாகப் போட்டிருக்கிறார். அவை எங்கிருந்து வந்தன? தூக்குமேடைக்குப் போன கட்சிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. டிக்கன்ஸ் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். சிரித்து முடித்த பிறகுதான் நமக்குச் சில்லிடுகிறது. ஆபீஸுக்கு நடக்கிற வழியில் வெம்மிக்கின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, தபால் பெட்டியின் வாயைப் போல ஆகிவிடுகிறது. நண்பனுக்குப் பண உதவி செய்யலாமா என்று பிப் ஆபீஸில் கேட்டால், அதைவிடப் பாலத்தின்மேல் நின்று தேம்ஸ் நதியில் பணத்தை எறிந்துவிடலாம் என்கிறார். அதே கேள்வியை வால்வொர்த்தில் கேட்டால், தானே முன்னின்று உதவிக்கு ஏற்பாடு செய்கிறார். கடன் இல்லை, சேமிப்பு உண்டு, வீடு அழகாக இருக்கிறது. அதற்காக அவர் கொடுத்த விலை, தன்னை இரண்டு ஆளாகப் பிளந்துகொண்டது.

ஆகவே நாலு பேரில் யாரைப் பின்பற்றுவது என்று வாசகர்கள் கேட்டால் நாவல்களிடம் அதற்கு நேரான பதில் இல்லை; இருந்தால் அவை நாவல்களாகவும் இருக்கமாட்டா. வட்டி விகிதத்தை ஒப்பிட்டு எது முதலில் என்று தீர்மானிக்கிற வேலையைக் கணக்குத் தெரிந்தவர்களிடமே விட்டுவிடலாம். அதை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். அவர்களுடைய நோட்டுப் புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைத்தான் நல்ல நாவலாசிரியன் எழுதுகிறான். தவணை கட்டுகிற வருஷங்களில் அந்த வீட்டில் கூட இருந்தவர்கள் யார், அவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள், அது அவர்களைக் கேட்டுச் செய்ததா என்கிற பத்தி. லிண்டாவின் காலுறை, பேரில்லாத விதவையின் அரை வயிறு, ஷாமாவின் உருளைக்கிழங்கு, வால்வொர்த்துக் கிழவரின் பீரங்கி எல்லாம் அதில் பதிவாகின்றன.

இந்தப் பத்தி நம் நாவல்களில் இன்னும் அதிகமாக எழுதப்பட வேண்டும். அதற்கான சம்பவங்களைத் தேடி நம் எழுத்தாளர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. கடன் முழுவதையும் பென்ஷன் பணத்தில் அடைத்துவிட்டு, மறு மாதமே வைத்தியத்துக்குக் கைமாற்று வாங்கப் போகிறவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். மேல்மாடி எடுப்பதற்காக நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முழங்கால் வலியால் அந்த மாடிக்கு ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்திருக்கிற அம்மாளும் இருக்கிறாள். வீட்டுப் பத்திரத்தில் பெரும்பாலும் அவள் பேர் இருக்காது. நாவலிலாவது இருக்கட்டும்.